சவேரியார் திரும்பாத வீடு

பம்ப்லோனா: இரண்டு பெயருள்ள ஊர்

கதவைத் திறந்த அம்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். என் பெட்டியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கடைசியில் என் காலிலிருந்த ரப்பர் செருப்பைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். சடசடவென்று அவர் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல்: 'இஹா'. மகளே. மைசூருவில் வீட்டுக்குள்ளே என்னை 'மக்ளே' என்பார்கள். அது நாஞ்சில் நாட்டுப் பேச்சு. வாசலைத் தாண்டினால் பக்கத்து வீட்டு அஜ்ஜி கன்னடத்தில் 'மகளே' என்பார். ஒரு செமஸ்டர் படிக்க ஸ்பெயினுக்குப் போன முதல் நாளே மூன்றாவதாக ஒரு வீட்டுக்கும் மகளாகிவிட்டேன்.

பம்ப்லோனா, ஸ்பெயினின் வடக்கே பிரெனீஸ் மலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் நவார் மாநிலத்தின் தலைநகர். ஜூலை மாதம் தெருவில் காளைகளோடு ஆட்கள் ஓடும் சான் பெர்மின் திருவிழாவால் உலகத்துக்குத் தெரிந்த ஊர். நான் போய் இறங்கியது செப்டம்பரில். காளைகள் ஓடும் எஸ்தாபேத்தா தெருவில் அப்போது ஓடிக்கொண்டிருந்தவை வகுப்புக்கு நேரமாகிவிட்ட மாணவர்களின் கால்கள் மட்டும்தான்.

பெயர்ப்பலகைகளில் ஸ்பானியமும் பாஸ்க் மொழியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஊருக்கே இரண்டு பெயர்: ஸ்பானியத்தில் பம்ப்லோனா, பாஸ்கில் இருன்யா. உடன் வந்த மற்ற வெளிநாட்டு மாணவர்கள் இதை வியந்து படம் எடுத்தார்கள். மைசூருவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு இதில் என்ன வியப்பு? வீட்டுக்கு ஒன்று, வீதிக்கு ஒன்று, வகுப்புக்கு ஒன்று என்று மூன்று மொழியை மாற்றி மாற்றி உடுத்தித்தான் நாங்கள் பள்ளிக்கூடமே முடித்தோம்.

வீட்டுக்கார அம்மா பஸ்தான் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். தாய்மொழி பாஸ்க். தங்கையோடு தொலைபேசியில் பாஸ்க் பேசும்போது மட்டும் அவர் குரல் தணிந்துவிடும். சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சிக் காலத்துப் பள்ளியில் அந்த மொழியைப் பேசினால் தண்டனை. பிராங்கோ 1975-இல் செத்துப்போனார். அன்று தணிந்த குரல் இன்னும் ஏறவில்லை.

"என் பேரப்பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரியே நீயும் கூப்பிடு" என்றார். "அமாச்சி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அம்மாவைப் பெற்றவளை நான் கூப்பிட்டது 'அம்மாச்சி'. பாஸ்கில் தாய்க்கு 'அமா' என்றும் சொன்னார். நான் தமிழைச் சொல்லிக் காட்டியதும் கன்னத்தைக் கிள்ளி, "அப்படியானால் தொலைந்துபோன பேத்தி நீதான்" என்றார். பாஸ்க் மொழிக்கு உலகத்தில் உறவு மொழியே இல்லை என்பது மொழியியலாளர் முடிவு. இருக்கட்டும். உறவில்லாத மொழியில் எனக்கு ஓர் உறவுச்சொல் கிடைத்தது.

மன்யூவேட்டா சந்து: முறுக்குக்கு ஒரு சித்தப்பா பிள்ளை

மைசூருவில் வழியில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "ஊட்டா ஆய்த்தா?" என்பதுதான். பகல் ஒரு மணிக்குள் "ஆய்த்து" என்று பதில் சொல்ல முடியாதவர்மேல் ஊரே இரக்கப்படும். பம்ப்லோனாவில் மதியச் சாப்பாடு இரண்டரைக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. முதல் வாரம் பசியில் கண் இருண்டது. இரண்டாம் வாரம் பழகியது. பழகாதது, சாப்பிட்டு முடித்த பிறகும் எழாமல் இருப்பது. நம் வீட்டில் கை காய்வதற்குள் எழுந்து கழுவிவிடுவோம். அங்கே தட்டு காலியான பிறகுதான் பேச்சே தொடங்கும். அதற்கென்று 'சோப்ரெமேசா' என்று ஒரு சொல்லும் வைத்திருக்கிறார்கள். அமாச்சியிடம் நான் கற்ற ஸ்பானியத்தில் பாதி, காலித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கற்றது.

இன்னொரு அறையில் மெக்சிக்கோவிலிருந்து வந்த மாணவி. எங்கள் இருவருக்கும் பொதுவான துக்கம் ஒன்று: காரம் இல்லை. நவாரில் மிளகாய் இல்லாமல் இல்லை. பிக்கில்யோ என்ற சிவந்த மிளகாயைச் சுட்டு, தோலுரித்து, டப்பாவில் அடைத்து, பெருமையோடு பரிமாறுகிறார்கள். வாயில் வைத்தால் வெல்லம்! மெக்சிக்கோப் பக்கம் பிறந்த மிளகாய் இந்த ஐபீரியக் கப்பல்களில் ஏறித்தானே நம் கரைக்கு வந்தது. இடையில் இங்கே இறங்கி இளைப்பாறியபோது காரத்தை முழுக்க மூட்டை கட்டி எங்களுக்கே அனுப்பிவிட்டது போலிருக்கிறது என்று நாங்கள் முடிவு கட்டினோம்.

அக்டோபர் ஞாயிறு ஒன்றில் அமாச்சி என்னை அதிகாலையில் எழுப்பி மன்யூவேட்டா சந்துக்குக் கூட்டிப்போனார். 1872 முதல் நடக்கும் சுரோஸ் கடை அங்கே இருக்கிறது. ஆண்டில் சில நாட்கள் மட்டுமே திறப்பார்கள். சான் பெர்மின் திருவிழாவின்போதும், அக்டோபர் ஞாயிறுகளிலும். விறகு அடுப்பு, பெரிய கொப்பரை, நட்சத்திர அச்சு வழியே எண்ணெயில் விழும் மாவு. சந்து முழுக்க வரிசை. எனக்கு அது அப்படியே நம் வீட்டு முறுக்கு உழக்கு. அரிசி மாவுக்குப் பதில் கோதுமை, உப்புக்குப் பதில் மேலே சர்க்கரை. வரிசையில் நின்ற பொறுமை நசர்பாத் மைலாரி தோசைக் கடை வாசலில் நிற்பவர்களின் பொறுமை. உள்ளே இருப்பது ஒரே பண்டம், அதற்காகக் காத்திருப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. "இது முறுக்குக்குச் சித்தப்பா பிள்ளை" என்று அமாச்சியிடம் சொல்ல முயன்றேன். என் ஸ்பானியத்தில் அது "இவர் என் சித்தப்பா பிள்ளை" என்று போய் விழுந்திருக்க வேண்டும். கடைக்காரர் எனக்கு இரண்டு சுரோஸ் கூடுதலாகப் போட்டார்.

இக்னாசியோ சாலை: ஒரே அறைக்கு வந்த எதிரிகள்

கல்லூரிக்குப் போகும் வழியில் சான் இக்னாசியோ சாலை. அங்கே காயம்பட்ட வீரர் ஒருவரைத் தாங்கிப் பிடித்திருக்கும் சிற்பம் இருக்கிறது. 1521 மே 20-ஆம் தேதி பம்ப்லோனாக் கோட்டையை நோக்கி வந்த பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. படுக்கையில் கிடந்தபோது மனம் மாறிய அந்த வீரர்தான் பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இக்னேஷியஸ்.

எனக்கு இது வெறும் சரித்திரமாக நிற்கவில்லை. அந்தப் போரில் இக்னேஷியஸ் காஸ்தீலிய அரசின் பக்கம். எதிரணியில், இழந்த நவார் அரசை மீட்கப் போரிட்டவர்களில் பிரான்சிஸ் சவேரியாரின் அண்ணன்மார் உண்டு. ஏழெட்டு ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் மாணவர்களாக இக்னேஷியஸும் சவேரியாரும் ஒரே அறையில் தங்கினார்கள். விடுதி வாழ்க்கை என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

சவேரியார் எங்களுக்கு வீட்டு ஆள் மாதிரி. பாட்டா, அதாவது அப்பாவின் அப்பா, நாகர்கோவில் கோட்டாற்றிலிருந்து மைசூருவுக்கு ரயில்வே பணிமனை வேலைக்கு வந்தவர். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு ஆண்டு தவறாமல் போவார். எங்கள் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒரு ஆணுக்கு அவர் பெயர். மைசூருவில் ஐம்பது ஆண்டுக்கு மேல் இருந்தும் பாட்டா "ஊருக்குப் போறேன்" என்றால் அது கோட்டாறு. மைசூரு அவருக்கு எப்போதும் 'இங்கெ' மட்டும்தான். இங்கெ மழை, இங்கெ விலைவாசி, இங்கெ பிள்ளைகள்.

ஹாவியர்: டிசம்பர் 3

டிசம்பர் 3 சவேரியார் திருநாள். நவார் மாநிலத்துக்கு அது மாநில நாள், விடுமுறை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் அன்று உள்ளூர் விடுமுறை. வகுப்புத் தோழியின் குடும்பம் காரில் ஹாவியருக்குப் போகிறது என்றதும் தொற்றிக்கொண்டேன்.

முந்தின நாளே அம்மாவின் ஆணை வந்துவிட்டது: "மக்ளே, உப்பும் நல்லமொளவும் கொண்டு போ." எங்கள் பக்கத் திருவிழாக்களில் அதுதான் காணிக்கை. அமாச்சியின் அடுக்களையில் ஒரு பிடி எடுத்துக் காகிதத்தில் பொதிந்துகொண்டேன்.

பம்ப்லோனாவிலிருந்து கிழக்கே ஐம்பது கிலோமீட்டர். அறுவடை முடிந்து உழுதுபோட்ட கோதுமை வயல்கள் மழைக்கு முந்தைய மண்டியாச் செம்மண்ணைப் போலக் கிடந்தன. மலைமுகடுகளில் வரிசையாகக் காற்றாலைகள். இதைப் பார்த்ததும் ஆரல்வாய்மொழிக் கணவாய் நினைவுக்கு வந்தது. கோட்டாற்றுக்குப் போகும் வழியும் காற்றாலைக் காடுதான். ஆனால் இங்கே அதற்கும் பின்னால், தூரத்தில், பனி விழுந்த பிரெனீஸ். ஆரல்வாய்மொழி அந்த இடத்தில் தோற்றது.

கோட்டை சிறியது. மைசூரு அரண்மனையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது வசதியான ஒரு பண்ணை வீடு, அவ்வளவுதான். 1506 ஏப்ரல் 7 அன்று சவேரியார் இங்கே பிறந்தார். அவருக்கு ஆறு வயதாகும்போது, 1512-இல், நவார் அரசு காஸ்தீலியரிடம் வீழ்ந்தது. 1515-இல் அப்பா இறந்தார். 1516-இல் கார்தினால் சிஸ்னேரோஸ் ஆணையின்படி வீட்டின் கோபுரங்களை இடித்தார்கள். பத்து வயதுப் பையன் சொந்த வீடு தலை வெட்டப்படுவதை நின்று பார்த்திருக்கிறான். இன்று நிற்பது பிற்காலத்தில் செப்பனிட்டுக் கட்டியது.

பத்தொன்பது வயதில், 1525-இல், பாரிஸுக்குப் படிக்கப் போனார். நானும் வெளிநாட்டுக்குப் படிக்க வந்தவள்தான், கிட்டத்தட்ட அதே வயது. அவர் போனவர் போனவரே. படித்துக்கொண்டிருக்கும்போதே, 1529-இல், அம்மா இறந்தார். 1541-இல் தன் பிறந்தநாளன்று லிஸ்பனில் கப்பல் ஏறி, பதின்மூன்று மாதம் கழித்து கோவாவில் இறங்கினார். அங்கிருந்து முத்துக்குளித்துறை, மலாக்கா, ஜப்பான். 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில் உயிர் போனது. உடல் கோவாவுக்கு வந்தது. இந்த வாசற்படிக்கு அவர் திரும்பவில்லை.

கோட்டைக்குள் சிறு ஆலயம். வால்நட் மரத்தில் செதுக்கிய சிலுவை. அதிலே தொங்கும் இயேசுவின் முகத்தில் புன்னகை. சுற்றுச் சுவரில் எலும்புக்கூடுகள் ஆடும் சாவுக்கூத்துச் சித்திரம். இந்தக் கூத்துக்கு நடுவில் ஒரு சிரிப்பு. நான் பொதியைப் பிரித்தேன். காவலிருந்த பெண்மணி ஓடி வந்தார். உப்பும் மிளகும் என்று விளக்கியதைக் கேட்டுத் தோழியின் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்: "புனிதரைச் சமைக்கப் போகிறாயா?" காவலாளி சிரிக்கவில்லை. யோசித்தார். பிறகு பொதியை வாங்கி, மெழுகுவர்த்தி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓரமாக வைத்தார். "இந்தியாவிலிருந்து வந்தது அல்லவா?" என்றார். உப்பு நவார் மளிகைக் கடை உப்பு. நான் திருத்தவில்லை.

அந்த நேரம், திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்த அம்மா வீடியோவில் வந்தார். கோட்டாற்றில் பிற்பகல், கூட்டம், கொட்டு. அலைபேசியைத் தூக்கி இங்கிருந்த கல்சுவரைக் காட்டினேன். அங்கே அம்மா பின்னாலிருந்த கோபுரத்தைக் காட்டினார். வீட்டையும் கோயிலையும் நேருக்கு நேர் நிறுத்தியதுபோல இருந்தது. சவேரியாரின் காலத்தில் ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஆண்டுகள் ஆகும். நண்பர்களின் கடிதங்களிலிருந்து அவர்கள் கையெழுத்தை மட்டும் வெட்டி எடுத்து மார்போடு வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். என் அலைபேசியில் அன்று மட்டும் அம்மாவின் பதினோரு குரல் செய்திகள் இருந்தன. அதில் நான்கு, ஸ்வெட்டர் போட்டாயா என்பது.

திரும்பும் வழியில் தோழியின் அப்பா சொன்னது எனக்குப் புதிது. சவேரியாரின் தாய்மொழி பாஸ்க். 1544-இல் எழுதிய கடிதம் ஒன்றில், இந்த மக்களின் மொழி மலபார், என் மொழி பாஸ்க், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை என்று குறிப்பிடுகிறார். மலபார் என்று அவர் சொன்னது தமிழை. தமிழும் போர்ச்சுகீசியமும் தெரிந்த ஆட்களைச் சேர்த்து, செபங்களைத் தமிழில் ஆக்கி, பொருள் பாதி புரிந்தும் புரியாமலும் மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். இதைக் கேட்ட பிறகு சுரோஸ் கடையில் நான் உளறிய ஸ்பானியத்துக்காக வெட்கப்படுவதை விட்டுவிட்டேன்.

இரவு அமாச்சியிடம் பயணத்தைச் சொன்னேன். "ஹாவியர் என்றால் என்ன என்று தெரியுமா?" என்றார், அந்தத் தணிந்த குரலில். "எச்செ என்றால் வீடு. பெர்ரி என்றால் புது. எச்செபெர்ரி தேய்ந்து தேய்ந்து ஹாவியர் ஆனது."

கன்னியாகுமரி முதல் கோவா வரை எத்தனை சேவியர்கள், எத்தனை சவேரிமுத்துகள். எல்லோரும் தெரியாமலே 'புது வீடு' என்ற பெயரைச் சுமந்து திரிகிறார்கள்.

மறுபடி பம்ப்லோனா: பெட்டி கட்டிய வாரம்

டிசம்பர் பாதியில் ஊரின் சத்தம் மாறியது. கல் பாவிய தெருக்களில் பெட்டிகளின் சக்கரங்கள் கடகடவென்று ஓடின. மாணவர்கள் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். ஸ்பெயினில் துர்ரோன் என்ற பாதாம் மிட்டாய்க்குப் பழைய விளம்பரம் ஒன்று உண்டு, வெளியூர்ப் பிள்ளை கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்புவதைப் பற்றி. அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே அமாச்சிக்குக் கண் கலங்கிவிடும். சுட்ட கஷ்கொட்டை விற்கும் வண்டிகள் மூலைக்கு மூலை. கடைச் சன்னல்களில் ஒலென்ட்செரோ பொம்மை. மலையிலிருந்து இறங்கி வந்து 24-ஆம் தேதி குழந்தைகளுக்குப் பரிசு தரும் கரிமூட்டக்காரர். முகத்தில் கரி, தலையில் தட்டைத் தொப்பி, பெருத்த வயிறு. சான்டா கிளாசைவிட எங்கள் தெரு இஸ்திரிக் கடைத் தாத்தாவுக்குத்தான் நெருங்கிய சாயல்.

அமாச்சி வரவேற்பறையில் குடில் வைத்தார். பாசியைப் பெயர்த்து வந்து மலையாக்கி, தகடு விரித்து ஆறாக்கி, ஒரு முழுக் கிராமமே எழுப்பினார். பிறகு டிசம்பர் 22 குலுக்கலுக்கான இருபது யூரோ லாட்டரிச் சீட்டைக் குடிலுக்கு அடியில் செருகினார். "பாதி உனக்கு. விழுந்தால் வாங்கிக்கொள்ள நீ திரும்பி வந்தே ஆக வேண்டும்."

புறப்படும் முன் அப்பாவிடம் தொலைபேசியில் நாள், நேரம் எல்லாம் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

பெங்களூரு முதல் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை

புது விரைவுச்சாலை ஊர்களைத் தொடாமல் பறக்கிறது. என்னை அழைக்க வந்த அப்பா வடைக்காகவே காரை மத்தூருக்கு இறக்கினார். வெங்காயமும் ரவையும் கலந்து தட்டையாகத் தட்டிய மத்தூர் வடையைக் கடித்தபோது கண்ணில் நீர் வந்தது. பாசம் அல்ல; பச்சை மிளகாய். நான்கு மாதத்தில் நாக்கு ஸ்பானிய நாக்கு ஆகிவிட்டது. அப்பா பார்த்துவிடக் கூடாதே என்று காபியைக் குடித்தேன். அதுவும் சுட்டது.

மண்டியா தாண்டி இருபுறமும் கரும்பு. பழுப்பு வயல்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு டிசம்பரில் இத்தனை பச்சை கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரி இரண்டாகப் பிரிந்து ஊரைத் தீவாக்குகிறது. திப்பு 1799-இல் வீழ்ந்த பிறகு இங்கே சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களைத் திரட்ட வந்தவர் ஆபே துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார். இந்திய உடை உடுத்தி, மரக்கறி உண்டு, அம்மை குத்தும் பணியைப் பரப்பி, முப்பது ஆண்டு இந்தியாவில் வாழ்ந்தார். 1823-இல் பாரிஸுக்குத் திரும்பி அங்கேயே முதுமை கண்டு இறந்தார். சவேரியார் திரும்பாதவர், துபுவா திரும்பியவர். பாட்டா இவர்களில் யார் கணக்கு? ஆண்டுதோறும் கோட்டாற்றுக்குத் திரும்பினார். கல்லறை மைசூருவில்.

மைசூரு: அசோகா சாலை

வீட்டில் குடிலுக்கு ராகி முளைத்திருந்தது. பாசி கிடைக்காத எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னே தட்டுகளில் மண் பரப்பி ராகி விதைப்பது வழக்கம்; பெத்லகேமில் பச்சை வயல் அப்படித்தான் வரும். வழக்கமாக அது என் வேலை. இம்முறை அம்மா விதைத்துத் தண்ணீர் தெளித்திருந்தார், கொஞ்சம் நெருக்கமாக. அடுக்களையில் அச்சு முறுக்கும் கல்கலும் பொரிந்துகொண்டிருந்தன. மதியம் தோலுரித்த அவரைப்பருப்புச் சாறு. பக்கத்து வீட்டு அஜ்ஜி கொடுத்தனுப்பியது. ஒவ்வொரு அவரையையும் பிதுக்கித் தோல் நீக்கும் அந்த வேலைக்கு டிசம்பர் மாதப் பொறுமை வேண்டும்.

22-ஆம் தேதி மாலை அமாச்சியிடமிருந்து செய்தி: லாட்டரி விழவில்லை, பரவாயில்லை, உடம்பு நன்றாக இருக்கிறதே. அன்று ஸ்பெயின் முழுக்க எல்லோரும் சொல்லும் ஆறுதல் அது.

24 இரவு நாங்கள் பிலோமினா பேராலயத்துக்கு நடந்தோம். ஜெர்மனியின் கொலோன் ஆலயத்தைப் பார்த்துக் கட்டிய கோயில். 175 அடி உயரத்தில் இரட்டைக் கூம்புகள். 1926-இல் புனிதையின் திருப்பண்டத்தைப் பெற்றுத் தந்தவர் மகாராஜாவின் ஹுசூர் செயலர் தம்பு செட்டி. 1933 அக்டோபர் 28 அன்று அடிக்கல் நாட்டியவர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார். ஜெர்மன் சாயல், பிரெஞ்சுப் பாதிரியார்கள், இந்து மன்னரின் அடிக்கல். இத்தனை கை பட்ட ஒன்றை யாருடைய வீடு என்பது? மைதானத்தில் குடிலைப் பார்க்க நின்ற வரிசையில் பாதிக்கு மேல் கிறிஸ்தவர்கள் அல்ல. அரண்மனை மலர்க் கண்காட்சியை முடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். தோளில் இருந்த ஒரு குழந்தை கன்னடத்தில் மாட்டுக் கன்றைக் காட்டச் சொல்லி அடம் பிடித்தது.

நள்ளிரவு மணி அடித்தபோது அலைபேசி அதிர்ந்தது. அமாச்சிக்கு அங்கே இரவு ஏழரை, மேசை விரித்துக்கொண்டிருந்தார். "எகுபெர்ரி ஓன்!" என்று கத்தினார். முதல் முறையாக அவர் பாஸ்கை உரக்கப் பேசிக் கேட்டேன். எகுபெர்ரி, பாஸ்கில் கிறிஸ்துமஸ். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'புது நாள்'. அம்மா அலைபேசியைப் பிடுங்கித் தமிழில் "நல்லா இருக்கியளா? சாப்பிட்டாச்சா?" என்றார். அங்கிருந்து 'இஹா' என்று கேட்டது. இங்கே 'மக்ளே' என்று நான் சொல்லிக் கொடுத்தேன். மொழிபெயர்ப்புக்கு அதற்கு மேல் வேலை இருக்கவில்லை.

திரும்பி நடக்கையில் தெருவே குல்லாயும் மப்ளருமாக இருந்தது. மைசூருவுக்குப் பதினாறு டிகிரி கடுங்குளிர். சுழியத்தைப் பார்த்துவிட்டு வந்த திமிரில் நான் பருத்திச் சட்டையோடு நடந்தேன். அப்பா மெதுவாகச் சொன்னார்:

"அன்னிக்கு போன்ல நீ என்ன சொன்னே, நினைவிருக்கா?"

"என்ன சொன்னேன்?"

"'அப்பா, 20-ஆம் தேதி ஊருக்கு வாரேன்'னு சொன்னே. பாட்டா காலம்தொட்டு நம்ம வீட்ல ஊருன்னா கோட்டாறுதான். நானும் இங்கெ பொறந்தவன்தான், என் வாயிலயும் அப்படித்தான் வரும். மைசூருவ ஊருன்னு சொன்ன மொத ஆளு நீதான் மக்ளே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் கால் சில்லிட்டது. குனிந்து பார்த்தேன். பம்ப்லோனாவின் முதல் நாளில் அமாச்சியைத் தலையில் கை வைக்கச் செய்த அதே ரப்பர் செருப்பு.